ஆடியில் கிழிக்காத கோடு

துளசிராமனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அந்தக் கருங்கல்லைப் பார்த்த அன்றுதான் என்று சொன்னால் அது பொய். இருபது வருஷமாகவே எரிந்துகொண்டிருந்தது. கல் வந்து கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

நெல்லம்பேடு டவுன் பஞ்சாயத்து ஆபீசின் பின்பக்கம் ஆள் உயரக் கல் ஒன்று வந்து இறங்கியிருந்தது. இன்னும் உளி படவில்லை. அதில் என்ன செதுக்க வேண்டும் என்பதை நிர்வாக அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதி, உப தலைவர் ஆயிற்றே என்ற மரியாதைக்காகத் துளசிராமனிடம் நீட்டினார். 'பஜார் தெரு சீரமைப்புத் திட்டம், தலைவர் திரு. மணவாளன் அவர்களின் பெருமுயற்சியால்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. துளசிராமனின் பெயர் அடியில் உறுப்பினர் பட்டியலில், அகர வரிசைப்படி, நாலாவதாக இருந்தது.

"எழுத்து நல்லா கீது சார்" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெயிலில் பஜார் தெருவிலிருந்த தன் துணிக்கடைக்கு நடந்து வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

மணவாளன் அவருக்குச் சகலை. துளசிராமன் மூத்தவள் லட்சுமியம்மாளைக் கட்டினார். மணவாளன் இளையவள் சின்னப்பொண்ணைக் கட்டினான். மாமனார் வீட்டு விசேஷங்களில் மூத்த மருமகனுக்குத்தான் முதல் இலை. இலைதான் முதலில் விழும். பேச்சு, சிரிப்பு, இன்னும் கொஞ்சம் பாயசம் எல்லாம் இரண்டாவது இலைக்குப் போய்விடும். மணவாளன் நெல் போட்டால் விளையும். கிணறு வெட்டினால் ஊறும். அவனுடைய மூன்று ஏக்கர் கல்கத்தா ரோட்டை ஒட்டிச் சும்மா கிடந்தது. எளாவூர் செக்போஸ்டுக்குப் போகிற லாரிகள் பெருகப் பெருக, அவன் ஒரு துரும்பைக்கூட அசைக்காமலே அதன் விலை ஏறிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒரு புல்லட் வண்டி. எழுபதாம் வருஷத் தேர்தலில் தலைவர் பதவி. ஒருவனுக்கு இத்தனை எதற்கு என்று துளசிராமன் சாமியிடமே கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாக்கடையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு மழை பெய்தால் பஜார் தெருவில் முழங்கால் அளவு நிற்கிற அந்தச் சாக்கடைத் தண்ணீரைப் பற்றிப் பத்து வருஷமாகப் பஞ்சாயத்தில் கத்தியவர் துளசிராமன். 'பணம் எங்கே?' என்று கேட்டு ஒவ்வொரு முறையும் உட்காரவைத்தார்கள். அது அவருடைய சாக்கடை. அதற்கு இப்போது மணவாளன் பெயரில் கல்வெட்டு.

இரண்டு நாள் கழித்து மணவாளனே கடைக்கு வந்தான். எழுபத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையத்து பவானி அம்மனுக்குப் போகிற கூட்டம் மஞ்சள் புடவைக்காகக் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. லட்சுமியம்மாளும் வந்து புடவை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மணவாளன் ஓரமாக நின்று, கூட்டம் கலையும்வரை காத்திருந்து, பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணா, தீர்மானம் இந்த வெள்ளிக்கிழம வருது. உங்க கை வேணும்."

"முதல்ல எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுப்பா. ஊட்டு வரியக் காட்டி கடன் வாங்கறதுன்னு ஊரே பேசிக்கினு கீது. எனக்கு ஒன்னும் புரியல" என்றார் துளசிராமன். நன்றாகவே புரிந்திருந்தது. அவன் வாயால் கெஞ்சிக் கேட்கவேண்டும் என்று இருந்தது.

மணவாளன் கடைத் தரையில் கிடந்த சாக்கட்டியை எடுத்து, துணி அளக்கிற பலகையில் ஒரு கோடு கிழித்தான்.

"இன்னைக்கு பஜார் ஏரியாவுல மொத்தமா வர்ற ஊட்டு வரி இந்தக் கோடு. இது வழக்கம்போல பஞ்சாயத்து செலவுக்குப் பூடும். இனிமே பத்து வருஷத்துக்கு இந்தக் கோட்டுக்கு மேல எவ்ளோ வரி ஏறுதோ, அத்தனையும் பஜாருக்கே. சாக்கடை, சிமென்டு ரோடு, லைட்டு, பஸ் ஸ்டாண்டு. ஏறப்போற வரியக் காட்டி இப்பவே சர்க்கார்ல கடன் வாங்கி வேலைய முடிச்சுடறது. யாருக்கும் புது வரி கெடையாது."

"அப்ப எல்லாம் கோட்டுலதான் கீது."

"கோடு கிழிக்கிற நாள்ல கீது அண்ணா." மணவாளன் குரலைத் தாழ்த்தினான். "பஜார்ல மூணு பெரிய கட்டடம் முடிஞ்சு நிக்குது. சினிமா கொட்டா, ரைஸ் மில்லு, அந்த இரும்புக் கம்பெனி குடோனு. மூணு பேரும் ஆடின்னு கிரகப்பிரவேசம் பண்ணாம காத்துகினு கீறாங்க. உள்ள பூந்தாத்தான் பஞ்சாயத்துல கதவு நம்பர் போடுவோம். நம்பர் போட்டாத்தான் வரி. இன்னைய தேதிக்கு அதுங்க நம்ம புஸ்தகத்துல இல்ல. ஆடியிலயே கோட்டக் கிழிச்சுட்டா அந்த மூணு வரியும் கோட்டுக்கு மேல வந்துடும், கடன் அதுலயே தீரும். ஆவணி பொறந்து அவங்க பால் காச்சிட்டாங்கன்னா மூணும் கோட்டுக்குக் கீழ பூடும். அப்புறம் ஏறுறதுக்கு ஒன்னுமே இருக்காது."

துளசிராமன் பலகையில் இருந்த கோட்டையே பார்த்தார். ஊரே நல்ல நாளுக்குக் காத்திருக்கிற அந்த முப்பது நாள் சந்துக்குள் இவன் மட்டும் எப்படி நுழைந்தான்? இந்த யோசனை ஏன் தனக்கு வரவில்லை? புடவை விற்றுக்கொண்டு இதே தெருவில் உட்கார்ந்திருக்கிறவர் அவர்தானே. சினிமா கொட்டகைக்காரர் நேற்றுத்தான் வந்து கிரகப்பிரவேசத்துக்குப் பட்டு எடுத்துப் போனார். மில்காரரும் குடோன் மேனேஜரும் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே முகூர்த்தம், ஆவணி எட்டு. துணி கிழித்த கைக்கு இது தோன்றவில்லை. வரப்பில் நடந்த காலுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஒம்பது பேர்ல நாலு பேரு சரின்னுட்டாங்க. உங்க கைதான் அஞ்சாவது" என்றான் மணவாளன்.

"பார்க்கலாம்ப்பா" என்றார் துளசிராமன்.

அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது லட்சுமியம்மாள் கூழ் ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அவரு கேட்டதுக்கு சரின்னு சொல்லிட்டீங்களா?"

"எவரு?"

"மணவாளந்தான். அவரு யாருக்காக இத்த பண்றாருன்னா..."

"எனக்குத் தெரியும் யாருக்காகன்னு. கல்லுல பேரு வெட்டிக்க." துளசிராமன் கூழ்க் குவளையை நகர்த்தினார். "இந்த ஊட்டுல எப்ப பார்த்தாலும் மணவாளன் சொன்னாரு, மணவாளன் செஞ்சாரு. அவன் பேரச் சொல்லாம உங்க ஆளுங்களுக்கு சோறு எறங்காதா?"

லட்சுமியம்மாள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். ஊறுகாய் ஜாடியை மூடி உள்ளே எடுத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் பதினோரு மணிக்கு. நிர்வாக அதிகாரி தீர்மானத்தை வாசித்து முடித்ததும் துளசிராமன் எழுந்தார். மூன்று நாளாகத் தயாரித்த பேச்சு. முதலில் நியாயமான பேச்சைத்தான் பேசினார். அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

"தலைவர் நல்லா யோசிச்சிருக்காரு. நான் ஒன்னே ஒன்னு கேக்கறேன். பத்து வருஷம்னு சர்க்கார் சொல்லுது. இன்னைக்குக் கோடு கிழிச்சா இன்னைக்கே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போவுதுன்னு பேசிக்கிறாங்க. அது வந்து, ஆளு வந்து, நம்ம பஜார்ல கடை பெருக நாலஞ்சு வருஷம் ஆவும். அதுக்குள்ள பத்து வருஷத்துல பாதி வீணாப் பூடும். அவசரப்பட்டா நமக்குத்தான் நஷ்டம்."

நிர்வாக அதிகாரி தலையாட்டினார். அதில் உண்மை இருந்தது. கோட்டைச் சீக்கிரம் கிழித்தால் வருஷம் போகும். தாமதமாகக் கிழித்தால் வரி போகும். ஆனால் ஒரு பக்கம் ஆதாயம் கண்ணுக்கு எதிரே மூன்று கட்டடமாக நிற்கிறது, இன்னொரு பக்கம் வெறும் பேச்சாக நிற்கிறது. மணவாளன் இதைத்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னான். உறுப்பினர்கள் அவன் பக்கம் சாய்வது துளசிராமனுக்குத் தெரிந்தது. மடியில் இருந்த இரண்டாவது ஆயுதத்தை எடுத்தார்.

"அது இருக்கட்டும். இது ஆடி மாசம். கோயில் வாசல்ல ஆரம்பிச்சு குளத்தங்கரை வரைக்கும் போற தெருவுக்குப் புது வேல. நம்ம ஊட்ல ஒரு மண் அடுப்பு போடறதுன்னாக்கூட ஆவணி வரட்டும்னு சொல்வோம். ஊர் காரியத்த ஆடியில தொடங்கி நாளைக்கு எவன் ஊட்லயாவது ஒன்னு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நியமன உறுப்பினர் குப்பம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆடியில புடவை மட்டும் ஜோரா விக்கறீங்களே அய்யா" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் சிரித்த கையோடு குப்பம்மாளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் ஆடியில் அவள் மகன் வாங்கிய மாடு புரட்டாசிக்குள் செத்துப்போயிருந்தது.

"ஆவணி முதல் தேதியே கூட்டத்த வெச்சுடலாம் அண்ணா. அதுக்கு ஒத்துக்கறீங்களா?" மணவாளன் எழுந்து நின்று கேட்டான். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் தன்னிடம் கெஞ்சுகிறான் என்று துளசிராமனுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"ஒன்னாந்தேதி கரிநாள்ப்பா. ஆவணி பத்து வெச்சுக்கலாம். வளர்பிறை, நல்ல நாளு."

ஒன்றாம் தேதி கரிநாளா என்று யாரும் பஞ்சாங்கம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆவணி எட்டில் மூன்று கட்டடத்திலும் பால் பொங்கப்போவது துளசிராமனைத் தவிர அந்த அறையில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து கை ஒத்திவைக்கச் சொன்னது. ஐந்தாவது கை குப்பம்மாளுடையது.

வெளியே வரும்போது மணவாளன் பக்கத்தில் வந்தான். "பரவால்லண்ணா. பெரியவங்க சொல்றீங்க, ஆவணியில பத்து நாள்தானே" என்றான். புல்லட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். அன்றைக்கு ராத்திரி துளசிராமனுக்குச் சோறு ருசித்தது.

ஆவணி எட்டாம் தேதி பஜார் தெருவில் மூன்று இடத்தில் வாழைமரம் கட்டி நாயனம் வாசித்தார்கள். மறுநாள் காலை பஞ்சாயத்துப் பியூன் தார் டப்பாவோடு வந்து மூன்று கட்டடத்துக்கும் கதவு நம்பர் எழுதினான். பத்தாம் தேதி எல்லோரும் கூடி, வெற்றிலை பாக்கு மாற்றி, ஒருமனதாகக் கோட்டைக் கிழித்தார்கள். முதலில் கை தூக்கியவர் துளசிராமன். மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோட்டுக்கு மேல் எதிர்பார்க்கிற வரி, கடனைத் தாங்காது, கடன் இல்லை.

கல் அப்படியே கிடந்தது. கொஞ்ச நாளில் அதைப் புரட்டிப் போட்டு ஆபீஸ் பின்வாசலுக்குப் படியாக்கினார்கள். துளசிராமன் அதில் கால் வைத்து ஏறும்போதெல்லாம் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

சந்தோஷம் எத்தனை நாளைக்கு? எழுபத்து மூன்றில் மழை கொட்டியது, பஜார் நாறியது. எழுபத்து நாலில், சேற்றில் இரண்டு தடவை சிக்கிய பஸ்காரர்கள் ஊருக்குள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ் கல்கத்தா ரோட்டிலேயே நின்று ஆளை இறக்கிவிட்டது. இறங்கிய ஆள் அங்கேயே டீ குடித்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் பலசரக்கு வந்தது, சைக்கிள் கடை வந்தது. பெரியபாளையத்துக் கூட்டமும் அங்கேயே பஸ் மாறிப் போக ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் சம்பள நாளில்கூடப் பஜார் பக்கம் திரும்பவில்லை. எழுபத்தைந்து ஐப்பசியில் ஒரு விடியற்காலை கடையைத் திறந்தபோது, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த கட்டுகளின் அடிவரிசை முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் ஊறியிருந்தது. துளசிராமன் ஒவ்வொரு புடவையாகப் பிழிந்து கொடியில் போட்டார். சாயம் சொட்டச் சொட்ட நின்றார்.

அந்த ரோட்டோர மூன்று ஏக்கரில் மணவாளன் வரிசையாகக் கடைகள் கட்டினான். பதினெட்டுக் கடை. அதைப் பார்க்கக் கூடாது என்றே துளசிராமன் எட்டு மாதம் மெட்ராஸுக்குச் சரக்கெடுக்க பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போனார்.

எழுபத்தாறு ஆடி பிறந்த மறுநாள் மணவாளன் வீட்டுக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்துத் துளசிராமன் முன்னால் வைத்தான்.

"மொத கடை, பஸ் நிக்கற எடத்துக்கு நேர் எதிர. உங்களுக்குன்னுதான் பெருசா கட்டுனேன். வாடகை அப்புறம் பேசிக்கலாம். அந்த சேத்துல இன்னும் எதுக்குண்ணா கெடந்து பேஜாரு படறீங்க?"

துளசிராமன் சாவியைத் தொடவில்லை. "உனக்கு யோகம்ப்பா. பஜாரு செத்துது, உன் நெலம் பொழச்சுது" என்றார். நாலு வருஷமாக நெஞ்சில் இருந்தது நாக்குக்கு வந்துவிட்டது.

மணவாளன் முகம் கழுவப் பின்பக்கம் எழுந்து போனான். அவன் போனதும் லட்சுமியம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் திட்டத்த போடச் சொல்லி அவர் காலப் புடிச்சவ நான்தான்" என்றாள். குரல் உயரவில்லை. "பத்து வருஷமா இவரு கத்தறாரு, கடை முழுவிப் போவுது, நீ தலைவரா கீறியே, எதனா செய்யின்னு நான்தான் கேட்டேன். பஜாரு நல்லாயிட்டா ரோட்டுமேல என் நெலம் விக்காது அண்ணி, ஆனா அண்ணனுக்காக செய்யறேன்னு சொன்னாரு. அன்னிக்கு கூழ் ஊத்தறப்போ இத்த சொல்லத்தான் வந்தேன். நீங்க கேக்கல."

துளசிராமன் அவசரமாகச் சொன்னார்: "எனக்கு எப்டி தெரியும்? ஆடின்னுதான் சொன்னேன். எட்டாந்தேதி பால் காச்சுவாங்கன்னு நான் கண்டனா..."

"எனக்குத் தெரியும்" என்றாள் லட்சுமியம்மாள். "அந்த மூணு ஊட்டுக்கும் பட்டு மடிச்சு, மஞ்சள் தடவி, தேதி எழுதி கட்டிக் குடுத்தது யாரு? நான்தானே. பத்தாந்தேதின்னு நீங்க நாள் வெச்சீங்கன்னு குப்பம்மா வந்து சொன்ன அன்னிக்கே எனக்கு வெளங்கிப் போச்சு. என் தங்கச்சிகிட்டகூட நான் வாய் தொறக்கல."

நாலு வருஷம். நாலு வருஷமும் அவள் அதே கையால் சோறு போட்டிருக்கிறாள். மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"எப்ப தொறக்கலாம் அண்ணா? நீங்களே ஒரு நாள் சொல்லுங்க. ஆடி பொறந்துட்டுதேன்னுதான் யோசிக்கறேன். ஆனா பெரியபாளையத்துக் கூட்டம் மொத்தமும் இந்த மாசம்தான் அங்க எறங்கும்."

"நாளைக்கே தொறந்துடலாம்" என்றார் துளசிராமன். தலை நிமிராமல், கையை நீட்டிச் சாவியை எடுத்தார். "நாள்ல இன்னாப்பா கீது."

"ஆடியில புது காரியமா?" என்றாள் லட்சுமியம்மாள். "ஊர் கூட்டத்துல ஒரு தபா இவரு என்னமோ சொன்னாரே."

"சும்மா இருங்க அண்ணி" என்று மணவாளன் உடனே குறுக்கிட்டான். "அன்னிக்கு அண்ணன் ஊருக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னாரு. அவருக்கு மட்டும் அந்த எட்டாந்தேதி தெரிஞ்சிருந்தா அப்டி சொல்லியிருப்பாரா?"

மணவாளன் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தான். துளசிராமன் அவன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். நிலம், புல்லட், தலைவர் பதவி, பதினெட்டுக் கடை, எல்லாம் அவனுக்குக் கிடைத்தது போகட்டும். இப்படி ஒரு மனசுமா இவனுக்கே கிடைக்கவேண்டும் என்று அவருக்கு வயிறு எரிந்தது.